ஃபொப்பெ வீடு வந்தால் மோட்டார் அணையும்

பிள்ளைகளை முன்பெட்டியில் ஏற்றிப் போகும் வெல்மூத்தின் பெட்டி சைக்கிளில் மோட்டாருக்கு நாலு படி உண்டு. கைப்பிடிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு திரை, அதன் கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று ஏற்றுவதற்கு, இன்னொன்று இறக்குவதற்கு. வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் இறக்குகிற பொத்தானின் வெள்ளைக் கோடு பாதி அழிந்துவிட்டது. வீட்டுச் சந்தில் கிளம்பும்போது இரண்டாம் படி. ரொட்டிக்கடை முனையில் யாராவது தென்பட்டால் ஒன்று. ஃபொப்பெ வீட்டு ஜன்னல் வந்துவிட்டால் பூஜ்யம். ஊர்ப் பலகையைத் தாண்டி, கால்வாய்ச் சாலையில் மாடுகளைத் தவிர வேறு யாரும் இல்லை என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டென்று நாலு.

திருடப் போகிறவள்கூட இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க மாட்டாள். ஆனால் நெதர்லாந்தின் வடக்கே, ஃபிரீஸ்லாந்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. எங்கள் பக்கம், எதிர்காற்றில் ஒருவர் எப்படி சைக்கிள் மிதிக்கிறார் என்பதை வைத்துத்தான் ஆளை எடை போடுவார்கள். படிப்பு, வேலை, வீடு எல்லாம் அப்புறம்தான். மேடு என்று சொல்ல ஒரு பாலம், பள்ளம் என்று சொல்ல ஒரு வாய்க்கால். மற்றபடி கடல்வரைக்கும் தட்டையான புல்வெளி. அதன்மேல் வருஷத்தில் முந்நூறு நாள் காற்று. கண்ணில் நீர் வழிய மிதித்துக்கொண்டு வரும் ஏழு வயதுப் பிள்ளையிடம், "இறங்கித் தள்ளிக்கிட்டு வா" என்று இங்கே எந்தத் தாயும் சொன்னதாக நான் கேட்டதில்லை.

வெல்மூத் மாட்டுப் பண்ணையில் பிறந்தவள். பன்னிரண்டு வயதில் பதினான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்த பெரிய பள்ளிக்கு, அண்ணன் கோஸெயோடு தினமும் சைக்கிளில் போனாள். எதிர்காற்று நாளில் இருவர் போனால் ஒரு முறை உண்டு. ஒருவர் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வார், மற்றவர் அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி வருவார். கொஞ்ச தூரம் போனதும் இடம் மாற்றிக்கொள்வார்கள். ஒரு நவம்பர் நாள் வெல்மூத் இடம் மாறவே இல்லை. பதினான்கு கிலோமீட்டரும் அவளே முன்னால் போனாள். ராத்திரிச் சாப்பாட்டில் கோஸெ இதைக் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னான். யாரையும் வாய்விட்டுப் பாராட்டியே அறியாத அப்பா, பாத்திரத்தில் இருந்ததிலேயே பெரிய உருளைக்கிழங்கை எடுத்து மகளின் தட்டில் வைத்தார். அவ்வளவுதான். அந்த ஒரு உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு வெல்மூத் முப்பது வருஷம் வாழ்ந்துவிட்டாள்.

படிப்பு முடிந்து, ஃபிரானெக்கர் நகர எல்லையில் கால்வாய்ப் பாலம் தூக்குகிற வேலைக்குச் சேர்ந்தாள். படகு வந்தால் சிவப்பு விளக்கு போட வேண்டும், சாலையை மறிக்கும் கட்டையை இறக்க வேண்டும், பாலத்தை மேலே தூக்க வேண்டும். படகுகள் போனபின் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். ஏப்ரலிலிருந்து அக்டோபர்வரை இதுதான் வேலை. அவளுக்கு அது பிடித்திருந்தது. சரக்குக் கப்பல் ஓட்டும் சீப்ரென் அந்தப் பாலத்துக்குக் கீழே போய் வந்துதான் அவளைக் கல்யாணம் செய்துகொண்டான். இரண்டு வாரம் ஆற்றில், இரண்டு வாரம் வீட்டில் என்பது அவனுடைய கணக்கு. ஏழு வயதில் மாரிட், மூன்று வயதில் வொபெ என்று இரண்டு பிள்ளைகள்.

சீப்ரென் ஆற்றில் இருக்கும் வாரங்களில் வீடு முழுவதும் வெல்மூத்தின் சைக்கிளில் ஏறிக்கொள்ளும். முன்னால் ஒரு குழந்தை இருக்கை, பின்னால் ஒரு குழந்தை இருக்கை, இரண்டு பக்கமும் பை, கைப்பிடியில் இன்னொரு பை. போன ஆகஸ்டில் அவர்களுடைய பழைய கார் வருடாந்திரச் சோதனையில் தேறாமல் போயிற்று. அதற்கு அடுத்த வாரமே கடை வாசலில் சைக்கிள் அப்படியே சாய்ந்தது. பிள்ளைகளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் ஆறு போத்தல் பாலும் ஒரு தட்டு முட்டையும் தரையோடு தரையாகிவிட்டன. முட்டைக் குழம்புக்கு நடுவில் நின்றுகொண்டு வெல்மூத் அழுதாள். கடைக்குள் இருந்தவர்கள், ஊர் வழக்கப்படி, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் சீப்ரென் வீட்டுக்கு வந்ததும் பேச்சை எடுத்தான்.

"பெட்டி சைக்கிள் ஒண்ணு வாங்கிடலாம். மோட்டார் வச்சது."

"பெட்டி இருக்கட்டும். மோட்டார் எதுக்கு? எனக்கு என்ன எண்பது வயசா?"

"முதுகு வலிக்குதுன்னு வைத்தியர்கிட்ட போனது யாரு? நானா?"

"அது தானா சரியாப் போயிடும்."

"என் கப்பல்ல எஞ்சின் இருக்கு. அதுக்காக என்னை யாராவது சோம்பேறின்னு சொல்றாங்களா? துடுப்பு போடச் சொல்றியா?"

வெல்மூத் கழுவி வைத்த தட்டை எடுத்து மறுபடியும் கழுவினாள். அடுத்த சனிக்கிழமை வண்டி வந்தது. முன்னால் கறுப்புப் பெட்டி, உள்ளே வாருடன் இருவர் உட்காரும் பலகை, மழைக்கு மேலே மாட்ட ஒரு கூடாரம்.

வண்டி வந்த பிறகு அவளுடைய நாட்கள் லேசாகிவிட்டன. இதை அவள் வெளியே ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் உண்மை அதுதான். காலையில் மாரிட்டைப் பள்ளியிலும் வொபெயைக் குழந்தைகள் காப்பகத்திலும் இறக்கிவிட்டு, அப்படியே பாலத்துக்குப் போவாள். திரும்பும்போது பெட்டி நிறைய ரொட்டி, பால், உருளைக்கிழங்கு மூட்டை, சில நாள் பிள்ளைகளின் சிநேகிதர்களும். பழைய பேப்பர் கட்டுகள் அதில் போயின, கிறிஸ்துமஸ் மரம் அதில் வந்தது. காய்ச்சலில் படுத்த வொபெ, போர்வைக்குள் தூங்கிக்கொண்டே டாக்டர் வீட்டுக்குப் போய், தூங்கிக்கொண்டே திரும்பி வந்தான். ஆளில்லாத கால்வாய்ச் சாலையில் நாலாம் படியில் போகும்போது, காற்று முகத்தில் அறைந்தாலும் கால் வலிக்காமல் இருக்கும். அந்த நேரத்தில் வெல்மூத் பாட்டு முணுமுணுப்பாள். பிள்ளைகளுக்கு அம்மாவின் குரல் நன்றாக இருக்கும் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

இவ்வளவு சந்தோஷத்துக்கும் குறுக்கே ஒரே ஒரு ஜன்னல் இருந்தது. ஃபொப்பெ வீட்டு ஜன்னல். ஃபொப்பெக்கு அறுபத்தெட்டு வயது, ஒல்லி உடம்பு, உடம்போடு ஒட்டிய சைக்கிள் உடை. நாற்பது வருஷம் பண்ணை பண்ணையாக சைக்கிளில் போய் மாட்டுத் தீவனம் விற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் பந்தய சைக்கிளில் தினம் அறுபது கிலோமீட்டர் போய் வருவார். ஊரில் யார் எந்தக் காற்றில் எத்தனை நிமிஷத்தில் எங்கே போனார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. வண்டி வந்த முதல் நாளே வாசலில் மறித்துவிட்டார்.

"பேட்டரி போட்ட வண்டியா வெல்மூத்? நல்லது, நல்லது. அடுத்த பிறந்தநாளுக்கு ஒரு ஊன்றுகோல் வாங்கித் தந்துடறேன்."

"மோட்டார் இருக்கு ஃபொப்பெ. ஆனா நான் அதைப் போடறதே இல்ல," என்றாள் வெல்மூத்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். ஒரு வினாடியில் சொன்ன பொய்யை எட்டு மாதமாக மிதித்துக்கொண்டிருந்தாள்.

இனி மாரிட்டின் நீச்சல் தேர்வு. வாசலில் கால்வாய், கொல்லையில் வாய்க்கால் என்று வாழ்கிற எங்களுக்கு, பிள்ளையின் முதல் நீச்சல் சான்றிதழ் சாதாரண விஷயம் இல்லை. முழுக்காலுடை, சட்டை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு தண்ணீரில் குதித்து நீந்திக் காட்ட வேண்டும். பிறகு நீச்சலுடையில் மீதிப் பாடங்கள். மாரிட்டின் வகுப்பில் கிட்டத்தட்ட எல்லாரும் வாங்கிவிட்டார்கள். ஜூனில் வகுப்பே பாய்மரப் படகில் ஒரு நாள் பயணம் போவதாக இருந்தது. சான்றிதழ் இல்லாத பிள்ளைகளுக்குப் படகில் இடம் கிடையாது. பிப்ரவரித் தேர்வில் மாரிட் தேறவில்லை. மேயில் இன்னொரு வாய்ப்பு, அதை விட்டால் செப்டம்பர்தான்.

பிப்ரவரியில் நீச்சல் ஆசிரியை திரீன்கெ, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெல்மூத்திடம் சொன்னாள்: "மத்ததெல்லாம் ரொம்ப நல்லாப் பண்ணினா. மல்லாந்து மிதக்கறதுலதான் போச்சு. நான் பத்து எண்ற வரைக்கும் அசையாமக் கிடக்கணும். இவ காலை உதைச்சுக்கிட்டே இருக்கா. தண்ணி உன்னைத் தாங்கும், சும்மா கிடடி கண்ணுன்னா, அது ஏமாத்துங்கறா."

"ஏமாத்தா?"

"ஆமா. தானா பண்ணினாத்தான் நீச்சலாம். யார்கிட்ட கத்துக்கிட்டான்னு தெரியல."

வெல்மூத் வருத்தமாகத்தான் தலையை ஆட்டினாள். ஆனால் உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில் பெருமையாக இருந்தது. அன்று சாயங்காலம் சீப்ரெனிடம் போனில் சொல்லும்போது அது குரலிலும் வந்துவிட்டது. "என் பொண்ணு சும்மா கிடக்க மாட்டாளாம், கேட்டியா?" என்றாள். சீப்ரென் சிரிக்கவில்லை. "அழுதாளா?" என்று மட்டும் கேட்டான். அழுதிருந்தாள்.

மே மாதத் தேர்வு ஒரு சனிக்கிழமை. ஒன்று ஐம்பதுக்குள் நீச்சல் குளத்தில் பெயர் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு பட்டியலை மூடிவிடுவார்கள். சீப்ரென் எங்கோ ரைன் நதியில் இருந்தான். காலையிலிருந்தே தென்மேற்குக் காற்று. கொடிக்கயிற்றில் துணி படுத்துக்கொண்டு ஆடியது. நகரத்துக்கு ஒன்பது கிலோமீட்டர், அத்தனையும் தென்மேற்கே. தேர்வுக்கு வேண்டிய காலுடை, சட்டை, ஷூவோடேயே மாரிட்டைப் பெட்டியில் உட்கார வைத்து, வொபெயைப் பக்கத்தில் வாரில் மாட்டி, ஒன்று பத்துக்கு வெல்மூத் கிளம்பினாள். மோட்டாரோடு போனால் அரைமணிகூட ஆகாது. நேரம் தாராளமாக இருந்தது.

ரொட்டிக்கடை முனையில் ஒன்று. ஃபொப்பெ வீட்டு ஜன்னலுக்கு முன்னால் பூஜ்யம். ஆனால் அன்று ஃபொப்பெ ஜன்னலில் இல்லை. பந்தய சைக்கிளோடு வாசலிலேயே நின்றார்.

"பிள்ளைங்களோட எங்க பயணம்?"

"மாரிட்டுக்கு நீச்சல் தேர்வு."

"அடடே! நானும் அந்தப் பக்கம்தான் போறேன். துணைக்கு வர்றேன். காத்து பேய் மாதிரி அடிக்குது, என் பின்னாடி ஒதுங்கிக்கோ."

"வேணாம் ஃபொப்பெ. நான் பக்கத்துலயே வர்றேன்."

ஊர்ப் பலகை தாண்டியது. வழக்கமாக நாலுக்குத் தாவும் கட்டைவிரல் சும்மா இருந்தது. வண்டி மட்டுமே ஒரு கன்றுக்குட்டி கனம். அதில் இரண்டு பிள்ளைகள், பை, துண்டு, மாற்றுத் துணி. முன்னால் நிற்கும் பெட்டியை காற்று இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளியது. வெல்மூத் எழுந்து நின்று மிதித்தாள். பக்கத்தில் ஃபொப்பெ, கைப்பிடிமேல் குனிந்து, சாய்வு நாற்காலியில் இருப்பவர் மாதிரி பேசிக்கொண்டே வந்தார். தொண்ணூற்று ஐந்தாம் வருஷம் கன்றுத் தீவனத்துக்கு எப்படித் தட்டுப்பாடு வந்தது என்று ஆரம்பித்தார்.

"மோட்டார் போடலையே?" என்றார் நடுவில்.

"இல்ல," என்றாள் வெல்மூத். அதற்குமேல் ஒரு சொல்லுக்கு அவளிடம் மூச்சு இல்லை.

"அதானே. உங்க அப்பா பொண்ணாச்சே."

ஒரு வளைவு, ஒரு பண்ணை, இன்னொரு வளைவு. முதுகில் பழைய இடத்தில் வலி எட்டிப் பார்த்தது. மாரிட்டின் கையில் பிறந்தநாளுக்கு வந்த கடிகாரம் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு சாலையைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அம்மா, ஒண்ணு முப்பத்திரண்டு."

"போயிடலாம்."

"இன்னும் பாதிகூட வரலம்மா."

வாருக்குள்ளேயே உடம்பைத் திருப்பி, பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மாரிட் திரையை எட்டிப் பார்த்தாள். பிறகு, ஃபொப்பெக்குக் கேட்காதபடி, காற்றில் பாதி அடித்துக்கொண்டு போகும் குரலில் கேட்டாள்.

"ஏம்மா பூஜ்யம்?"

"சும்மாதான்."

"ஃபொப்பெ பக்கத்துல வர்றதாலயா?"

வெல்மூத் இன்னும் அழுத்தி மிதித்தாள்.

"எனக்குத் தெரியும்மா," என்றாள் மாரிட், ஆறுதல் சொல்வது போல. "நானும் அதனாலதான் உதைச்சேன். எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்கல்ல. சும்மா கிடந்தா ஏமாத்தறேன்னு நினைப்பாங்க. இன்னைக்கும் எனக்குக் கால் நிக்காதும்மா."

பிப்ரவரியில் வெல்மூத் மூலையில் ஒளித்துவைத்து ரசித்த பெருமை இப்போது ஏழு வயது முகத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தது. அப்பா வைத்த உருளைக்கிழங்கை இவள் தட்டுக்குத் தள்ளிவிட்டது தான்தான் என்று அவளுக்குப் புரிந்தது. இந்தப் பிள்ளை படகில் போக முடியாமல் கரையில் நிற்கப்போகிறது, செப்டம்பரிலும் உதைக்கும், அதற்கப்புறமும் வாழ்நாள் முழுக்க உதைத்துக்கொண்டே இருக்கும். வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம் முழுவதும் தன்மேலேயே.

கட்டைவிரல் ஏற்றுகிற பொத்தானை அழுத்தியது. ஒவ்வொரு படிக்கும் வண்டி ஒரு தடவை கீச்சென்றது. நாலு கீச்சு, ஒன்றுகூடக் குறையாமல்.

"அது என்ன சத்தம்?" என்றார் ஃபொப்பெ.

"மோட்டார், ஃபொப்பெ. நாலாம் படி. எட்டு மாசமா போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க வீட்டு ஜன்னல் வந்தா மட்டும் அணைப்பேன்."

ஃபொப்பெயின் வாயில் கன்றுத் தீவனம் பாதியில் நின்றது. வண்டி முன்னால் பாய்ந்தது. மாரிட் "ஓ!" என்று கத்தினாள், வொபெயும் காரணம் தெரியாமல் கத்தினான். வெல்மூத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவருடைய முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தது, காது சூடாகியது. நாளை காலைக்குள் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். ஆகட்டும்.

கொஞ்ச தூரம் போனதும் மாரிட் பின்பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா! ஃபொப்பெ நமக்குப் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வர்றாரு!"

வெல்மூத் திரும்பினாள். அவளுடைய பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, பெட்டிக்கும் அவளுக்கும் பின்னால் உள்ள மறைவில், தலையைத் தாழ்த்திக்கொண்டு ஃபொப்பெ வந்துகொண்டிருந்தார்.

"நேரா பாத்து ஓட்டு!" என்று கத்தினார் அவர். "இங்க காத்தே இல்ல! சொர்க்கமா இருக்கு!"

"ஃபொப்பெ, அது ஏமாத்து இல்லையா?" என்று மாரிட் கத்திக் கேட்டாள்.

"எது ஏமாத்து? நாப்பது வருஷமா எந்தப் பால் லாரி போனாலும் அதுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டுத்தான் நான் தீவனம் வித்தேன்! இல்லேன்னா இன்னைக்கு உயிரோட இருப்பேனா?"

வெல்மூத் பிரேக்கைப் பிடித்துவிடப் பார்த்தாள். நாற்பது வருஷமாக லாரிக்குப் பின்னால் போன மனிதருடைய ஜன்னலுக்குப் பயந்தா நான் முதுகை உடைத்துக்கொண்டேன்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. மோட்டார் இருந்ததால் சிரிக்க மூச்சும் இருந்தது.

நகர எல்லைக்கு வரும்போது ஒன்று நாற்பத்து நாலு. பாலம் மேலே தூக்கியிருந்தது. அவளுடைய பாலம். கட்டை இறங்கி, விளக்கு சிவந்து, கீழே ஐந்து பாய்மரப் படகுகள் வரிசையில் வந்துகொண்டிருந்தன. கண்ணாடி அறைக்குள் அன்று வேலையில் இருந்த ஏல்கெ அவளைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் விரித்தான். தூக்கியபின் காத்திருக்கும் படகுகள் எல்லாம் போயாக வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. அந்த விதியை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே வெல்மூத்தான். இருபது வருஷமாக அந்த அறைக்குள்ளிருந்து, கீழே சைக்கிள்காரர்கள் முறைப்பதைப் பார்த்துத் தேநீர் குடித்தவள் அவள். இப்போது கீழே நின்று முறைத்தாள்.

ஃபொப்பெ மட்டும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு தண்ணீர் ஓரத்துக்கு ஓடினார்.

"பிள்ளைக்கு நீச்சல் தேர்வு! முதல் சான்றிதழ்! இன்னும் ஆறு நிமிஷம்தான் இருக்கு!"

இரண்டு படகுகள் ஏற்கெனவே கடந்துவிட்டன. மூன்றாவது நடுவில் இருந்தது. நாலாவது படகில் இருந்த அம்மாள் கரையில் துண்டும் ஷூவுமாகப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த மாரிட்டைப் பார்த்தாள். இந்த நாட்டில் பிள்ளை பெற்றவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். எஞ்சினைப் பின்னால் போட்டு நிறுத்தி, ஐந்தாவது படகையும் கையைக் காட்டி நிறுத்தினாள். ஏல்கெயைப் பார்த்து, மூடு என்று சைகை செய்தாள். படகுக்காரர்களே நின்றால் விதிக்கு என்ன வேலை? பாலம் இறங்கியது. வெல்மூத் நன்றி சொல்லக் கையைத் தூக்கினாள், "உதைம்மா!" என்று அந்த அம்மாள் தண்ணீரிலிருந்து மாரிட்டைப் பார்த்துக் கத்தினாள். வேண்டாத அறிவுரைதான்.

திரீன்கெ பேனாவை மூடும்போது போய்ச் சேர்ந்தார்கள்.

குளத்தைச் சுற்றிப் பெற்றவர்கள் ஷூவுக்குமேல் நீல பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெல்மூத் மடியில் வொபெயை வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் ஃபொப்பெ, ஒட்டிய உடையும் நீல உறையுமாக, கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துவிட்டார். துணியோடு குதிப்பது, நீந்துவது, மேலே ஏறுவது எல்லாம் மாரிட்டுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நீச்சலுடைக்கு மாறி, தண்ணீருக்கடியில் தொங்கவிட்ட துணியின் துளைக்குள் புகுந்து வந்தாள். முன்னும் பின்னும் நீந்தினாள். பிறகு திரீன்கெ சொன்னாள்: "இப்ப எல்லாரும் மல்லாந்து மிதங்க. நான் பத்து எண்ணுவேன். அசையக் கூடாது."

எட்டுப் பிள்ளைகள் மல்லாந்தார்கள். ஏழு பேர் அசையாமல் கிடந்தார்கள். மாரிட்டின் வலது கால் ஒரு உதை உதைத்தது. பிறகு இடது கால். திரீன்கெ இன்னும் எண்ணத் தொடங்கவில்லை. மாரிட்டையே பார்த்துக் காத்திருந்தாள். மாரிட்டின் கண்கள் கரையில் அம்மாவைத் தேடின.

வெல்மூத் வொபெயைத் தூக்கி ஃபொப்பெயின் மடியில் வைத்தாள். நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, நீல உறை மாட்டிய இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கி, அத்தனை பெற்றவர்களுக்கும் நடுவில் கூரையைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒரு அப்பா திரும்பி, பார்க்காத மாதிரி பார்த்தார். வெல்மூத் பாதத்தைக் கீழே வைக்கவில்லை.

"ஒண்ணு," என்றாள் திரீன்கெ.

வெல்மூத் கூரையிலிருந்த விளக்குகளைப் பார்த்தாள். தண்ணீர் சலசலக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஐந்து, ஆறு, ஏழு. சலசலப்பு இல்லை. வயிறு வலித்தது, பாதம் நடுங்கியது, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு காதுப்பக்கமாக வழிந்தது. எட்டு. ஒன்பது.

"பத்து!"

ஃபொப்பெதான் முதலில் எழுந்து கைதட்டினார், மடியில் இருந்த வொபெயை மறந்துவிட்டு. நல்லவேளை, பிள்ளை அவருடைய கழுத்தைப் பிடித்துக்கொண்டான்.

சான்றிதழ் வாங்கியதும் கடைக்குப் போய் எல்லாரும் உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்டார்கள். அது இங்கே எழுதாத சட்டம். ஃபொப்பெ அங்கிருந்தே தன்னுடைய அறுபது கிலோமீட்டரில் மீதிக்குக் கிளம்பினார். "இனிமே எதிர்க்காத்து நாள்ல நீ எத்தனை மணிக்குக் கிளம்புவேன்னு முன்கூட்டியே சொல்லிடு," என்று வெல்மூத்திடம் சொல்லிவிட்டுப் போனார். "பால் லாரிகூட உன் வண்டி மாதிரி மறைக்கல."

திரும்பும்போது காற்று முதுகுப் பக்கம். வொபெ வழியிலேயே தூங்கிவிட்டான். மாரிட் சான்றிதழை நெஞ்சில் வைத்து, பெட்டிக்குள் சாய்ந்து, மேகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஊர்ப் பலகை வந்தது. சனிக்கிழமைச் சாயங்காலம், வாசல் கழுவுகிறவர்கள், செடிக்குத் தண்ணீர் விடுகிறவர்கள் என்று தெருவில் ஆட்கள் இருந்தார்கள். தூரத்தில் ஃபொப்பெ வீட்டு ஜன்னலில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள். வெல்மூத்தின் கட்டைவிரல் பழக்க தோஷத்தில் இறக்குகிற பொத்தானைத் தேடியது.

"அம்மா," என்றாள் மாரிட், கண்ணை மூடியபடி. "நான் பத்து எண்றேன். அது வரைக்கும் மிதிக்காதீங்க."

வெல்மூத் கட்டைவிரலை எடுத்தாள். கால்களையும் நிறுத்தினாள். மிதிக்காவிட்டால் மோட்டாரும் ஓடாது; இப்போது காற்று மட்டும்தான். அது பெட்டியையும் பிள்ளைகளையும் அவளையும் தாங்கிக்கொண்டு மெதுவாகத் தெருவில் தள்ளிக்கொண்டு போனது. செடிக்குத் தண்ணீர் விடுகிறவர்கள் போனார்கள், வாசல் கழுவுகிறவர்கள் போனார்கள், ஃபொப்பெ வீட்டு ஜன்னல் பக்கத்தில் வந்தது. மாரிட் ஏழு எண்ணிக்கொண்டிருந்தாள். வெல்மூத் அந்த ஜன்னலைப் பார்த்து நன்றாகச் சிரித்துக் கையசைத்தாள், இரண்டு பாதமும் அசையாமல் இருந்தன.